சுமை தாங்காத சுவரும் புயல் காற்றும்

ஐப்பசி அடைமழைக்கு முன்பாக நாம் எல்லோரும் கடையையும் குடோனையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது வழக்கம். ஷீட்டில் ஓட்டை இருக்கிறதா, தண்ணீர் போகும் வழி அடைத்திருக்கிறதா, மூட்டைக்கு அடியில் பலகை போட்டிருக்கிறதா என்று பார்ப்போம். சுவரை யாரும் பார்ப்பதில்லை. அது நின்றுகொண்டுதானே இருக்கிறது! நானும் 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை வரை பார்த்ததில்லை.

அன்றுதான் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்பது எல்லோருக்கும் தெரியும். என்னுடைய பருப்பு குடோன் அந்தப் பாதையில்தான் இருந்தது. கட்டிடத்தின் சுமை முழுவதும் காங்கிரீட் பில்லர்கள் மேல். பில்லர் மேல் இரும்பு டிரஸ், அதன் மேல் தகர ஷீட். பில்லருக்கும் பில்லருக்கும் நடுவே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். பின்பக்கச் சுவர் 40 அடி அகலம். அதற்கு இரண்டு மூலைகளிலும் நடுவிலுமாக மூன்று பில்லர்கள் மட்டுமே. 14 அடி உயரத்துக்கு மேல் கூரைச் சரிவை ஒட்டி முக்கோணமாகவும் செங்கல்லே வைத்திருந்தோம்.

கட்டும்போது மேஸ்திரியிடம், "நடுவில் இன்னும் ஒரு பில்லர் வேண்டாமா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. "இது சுமை தாங்காத சுவர் முதலாளி, பில்லர் எதற்கு? சும்மா மறைப்புத்தானே" என்றார். செலவு மிச்சம் என்று நானும் விட்டுவிட்டேன்.

விடிந்து போய்ப் பார்த்தபோது பில்லர்கள் மூன்றும் நின்றன. டிரஸ் நின்றது. ஷீட்டில் பாதியைக் காணவில்லை. பின்சுவரில் 20 அடி அகலத்துக்கு, மேலே இருந்த முக்கோணத்தோடு சேர்த்து, ஒரு பாதி முழுக்க வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. உடைந்து உதிரவில்லை, கதவைக் கழற்றிப் படுக்க வைத்தது போல ஒரே பாளமாகக் கிடந்தது. அதன் அடியில் எங்களிடம் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் கீற்றுக் கொட்டகை. அவரும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் முதல் நாள் மாலை பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தார்கள். போக மனமில்லாமல் இருந்தவரைத் தாசில்தார் ஆட்கள் வற்புறுத்தி அழைத்துப் போனதாகப் பின்னால் தெரிந்தது.

நனைந்த துவரம்பருப்பும் சர்க்கரையும் பெரிய நஷ்டம்தான். ஆனால் நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தக் கொட்டகை.

காற்று எத்தனை மூட்டை?

பிறகு சுவரை எழுப்பும்போது, பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற என்ஜினீயர் ஒருவரைப் பிடித்தேன். அவர் வந்ததும் முதலில் கேட்டது, "சுமை தாங்காத சுவர் என்று யார் சொன்னார்கள்? கூரையின் சுமையைத் தாங்கவில்லை, சரி. காற்றின் சுமையை யார் தாங்குவது?" என்பதுதான். பிறகு நம் சரக்கை வைத்தே எனக்குப் பாடம் நடத்தினார்.

அட்டியில் அடிமூட்டையை யாராவது இழுத்து எடுக்க முடியுமா? முடியாது. மேலே பத்து மூட்டை அழுத்துகிறது. அதே மூட்டையைத் தனியாக நிமிர்த்தி வைத்தால் சின்னப் பையன் மேல் நுனியைத் தள்ளிச் சாய்த்துவிடுவான். தளத்தின் சுமை ஏறிய சுவர் அடிமூட்டை மாதிரி. அதை மேலிருந்து தளம் அழுத்திப் பிடித்திருக்கிறது. தலை நகராமலும் பிடித்திருக்கிறது. நம் குடோனின் பின்சுவர் தனியாக நிமிர்த்தி வைத்த மூட்டை. ஆகவே சுமை இல்லாத சுவரில்தான் காற்றுக்குக் கவனம் அதிகம் வேண்டும். மேஸ்திரிகள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, நேராக மோதும் சுவரில் ஒரு சதுர அடிக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ அழுத்தம் கொடுக்கிறது. 120 கிலோமீட்டரில் அது ஆறேகால் கிலோ. 180 கிலோமீட்டரில் பதினாலு கிலோ. கடைசியாகச் சொன்ன 180 ஏதோ பயமுறுத்தலுக்காகச் சொன்னது இல்லை. காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அடிப்படை வேகமாக வினாடிக்கு 50 மீட்டரைக் கொடுக்கிறது. அது மணிக்கு 180 கிலோமீட்டர். திருச்சிக்கு 47 மீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். கட்டிடத்தின் உயரம், சுற்றியுள்ள இடத்தின் தன்மை இவற்றைப் பொறுத்து என்ஜினீயர் இதைக் கூட்டிக் குறைத்துக் கணக்கிடுவார். கடலோரத்துக்குத்தானே புயல் என்று உள்ளூர்க்காரர்கள் சும்மா இருக்க முடியாது. ஆடிக் காற்றுக்குப் பேர் போன தேனி, பொள்ளாச்சி, தென்காசிப் பக்கத்து அன்பர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு பத்து நிமிஷம் வரும் சூறையும் ஒரு சுவருக்குப் போதும்.

விழுந்த அந்த 20 அடிக்கு 14 அடிச் சுவரை எடுத்துக்கொள்வோம். 280 சதுர அடி. 120 கிலோமீட்டர் காற்றில் ஏறக்குறைய 1,750 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் 35 மூட்டை. 180 கிலோமீட்டர் காற்றில் சுமார் 80 மூட்டை. அத்தனை மூட்டையை அந்தச் சுவரில் பக்கவாட்டில் சாய்த்து அடுக்க நம்மில் யாராவது துணிவோமா?

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒன்பது அங்குலச் சுவர் ஒரு சதுர அடிக்கு 40 கிலோவுக்குக் குறையாமல் கனக்கும். ஆறு கிலோக் காற்று அதை எப்படிச் சாய்க்கும்? என்ஜினீயர் ஒரு அடி அகலத் துண்டைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 14 அடி உயரத் துண்டின் எடை 590 கிலோ வரும். ஆனால் சுவர் சாய்வது அதன் அடி விளிம்பை ஊன்றித்தான். அந்த விளிம்பிலிருந்து எடையின் மையம் நாலரை அங்குலம்தான் தள்ளி இருக்கிறது. காற்றோ சுவரின் நடு உயரத்தில், ஏழு அடி மேலே நின்று தள்ளுகிறது. தராசில் ஒரு பக்கத் தண்டு நாலரை அங்குலமும் மறுபக்கம் ஏழு அடியும் இருந்தால் எந்தப் பக்கம் தாழும்? எடை பிடித்து நிறுத்தும் பலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பலத்தோடு 120 கிலோமீட்டர் காற்று தள்ளுகிறது. மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியதுமே அந்த உயரத்துச் சுவர் தன் எடையை மட்டும் நம்பி நிற்க முடியாது. மீதியைப் பிடித்திருப்பது கலவையின் ஒட்டும், பக்கத்துப் பில்லர்களும்தான். பில்லரோடு சுவரை ஒரு கம்பிகூடச் சேர்க்கவில்லை. வெறும் பூச்சுத்தான் இரண்டையும் ஒன்று போலக் காட்டிக்கொண்டிருந்தது.

காற்று கடலிலிருந்து வந்தது, சுவர் ஏன் எதிர்ப்பக்கமாக, வெளியே விழுந்தது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். முன்பக்க ஷட்டர் வளைந்து சட்டத்தை விட்டுக் கழன்றுவிட்டது. உள்ளே புகுந்த காற்றுக்குப் போக வழி இல்லை. வாய் திறந்த சாக்கைக் காற்றில் பிடித்தால் எப்படி உப்புமோ அப்படிக் குடோன் உப்பியது. கூரை ஷீட்டை மேலே தூக்கியது அதுதான். பின்சுவரை உள்ளிருந்து தள்ளியதும் அதுதான். அதே நேரம் கட்டிடத்தின் மறைவுப் பக்கத்தில் காற்று வெளியிலிருந்து சுவரை உறிஞ்சுகிறது. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துவிட்டன. ஆகவே பின்சுவரைக் காப்பாற்றும் முதல் வேலை முன் ஷட்டரில் ஆரம்பிக்கிறது. அகலமான ஷட்டருக்குப் புயல் எச்சரிக்கை வந்ததும் உள்பக்கம் மாட்டுவதற்கென்று கழற்றி மாட்டும் இரும்புக் குத்துத் தூண் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். தரையில் ஒரு குழி, மேலே பீமில் ஒரு கொக்கி. மாட்டப் பத்து நிமிஷம்.

திரும்பக் கட்டியபோது

சுவரைத் தடிப்பாகக் கட்டிவிடலாம் என்பதுதான் என் முதல் யோசனை. பதிமூன்றரை அங்குலம் வைத்தால் செங்கல்லும் இடமும் போவதுதான் மிச்சம். சுவரைப் பிடித்துக்கொள்ள ஆள் வைப்பதே சிக்கனம் என்றார் என்ஜினீயர். கடையில் அலமாரிப் பலகை தொய்ந்தால் நாம் தடிப்பான பலகை வாங்குவதில்லை, நடுவில் ஒரு கட்டை கொடுக்கிறோம். தாங்கும் இடைவெளி பாதியானால், வளைக்கும் விசை காலில் ஒரு பங்காகிவிடும். சுவரும் நிமிர்ந்து நிற்கும் பலகைதான்.

அதன்படி 20 அடி இடைவெளி ஒவ்வொன்றின் நடுவிலும் ஐ வடிவ இரும்புத் தூண் ஒன்று நிறுத்தினோம். அடியில் தகடு வைத்து, காங்கிரீட் அடிமானத்தில் போல்ட் போட்டு முடுக்கியது. இந்தத் தூண் கூரையைத் தாங்குவதில்லை. காற்றில் சுவர் சாயாமல் பிடிப்பது ஒன்றே அதன் வேலை. இரண்டு அடிக்கு ஒரு இடத்தில் தூணிலிருந்து கம்பிக் கொக்கி நீட்டி, செங்கல் வரிசைக்கு நடுவே கலவையில் பதித்தோம். பழைய காங்கிரீட் பில்லர்களிலும் அதே இடைவெளியில் துளை போட்டு, ரசாயனப் பசை ஊற்றிக் கம்பி இறக்கினோம். புதிதாகக் கட்டுகிறவர்கள் பில்லருக்குக் காங்கிரீட் போடும்போதே கம்பியை நீட்டி விட்டுவிட்டால் இந்தத் துளைச் செலவு இல்லை.

தூணின் தலையை எங்கே கட்டுவது என்பதில் அவர் மிகவும் கறாராக இருந்தார். டிரஸ்ஸின் அடிக்கம்பியில் சும்மா கட்டிவிட வெல்டர் தயாராக இருந்தார். டிரஸ் மேலிருந்து வரும் சுமையைத் தாங்குமே தவிர, பக்கவாட்டில் தள்ளினால் வளைந்துவிடும். எனவே முதல் இரண்டு டிரஸ்களுக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கோணங்கள் கொடுத்து, அந்த விசை பில்லருக்கும் பில்லரிலிருந்து தரைக்கும் போக வழி செய்தார். சுவரைப் பிடிக்கும் ஆளை யார் பிடிக்கிறார்கள் என்று தரை வரைக்கும் கேட்டுக்கொண்டே போக வேண்டுமாம்.

ஏழு அடி உயரத்தில் சுவர் முழுக்க ஒரு காங்கிரீட் பெல்ட் ஓடுகிறது. அதன் கம்பிகள் பில்லருக்குள் போகின்றன. முக்கோணத்தில் இப்போது செங்கல் இல்லை, ஷீட்தான். 14 அடிக்கு மேலே, பிடிப்பே இல்லாத உச்சியில் டன் கணக்கில் செங்கல்லை ஏற்றி வைத்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அங்கே செங்கல்தான் வேண்டும் என்பவர்கள், சரிவை ஒட்டி மேலே காங்கிரீட் பட்டை போட்டு, கூரைப் பர்லின்களை அதில் போல்ட் போட்டுப் பிணைக்க வேண்டும்.

சுவர் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில் இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுக்கச் சொன்னார். பச்சைச் சுவருக்கு ஒட்டும் இல்லை, பிடிப்பும் இல்லை. கட்டுகிற சுவர் காற்றில் விழுந்து ஆள் சாவது நம் ஊரில் புதிதல்ல. ஒரே நாளில் நாலைந்து அடிக்கு மேல் ஏற்றவும் விடவில்லை. மேஸ்திரிக்குக் கோபம்தான்.

உங்கள் கடையில்

குடோன் இல்லாத சில்லறைக் கடைக்காரர்கள் இது நமக்கில்லை என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்கள் தலைக்கு மேலேயே ஒரு சுமை தாங்காத சுவர் இருக்கிறது. அது மாடியின் கைப்பிடிச் சுவர். பெரும்பாலும் நாலரை அங்குலம், மூன்று அடி உயரம், தளத்தின் மேல் வெறும் கலவையில் உட்கார்ந்திருக்கிறது. அதில் நாம் என்ன செய்கிறோம்? 20 அடிக்கு 4 அடி பெயர்ப் பலகையைச் சட்டம் அடித்துப் போல்ட் போட்டு மாட்டுகிறோம். 80 சதுர அடிப் பாய்மரம்! 140 கிலோமீட்டர் காற்றில் அதன் மேல் விழும் தள்ளு ஏறக்குறைய 700 கிலோ. விழுந்தால் விழும் இடம் நம் வாடிக்கையாளர் நிற்கும் வாசல்படி. பலகையின் சட்டத்தைத் தளத்திலோ பில்லரிலோ பீமிலோ மாட்ட வேண்டும். கைப்பிடிச் சுவருக்குப் பத்து அடிக்கு ஒரு சிறு காங்கிரீட் கட்டுத் தூண், தளத்துக் கம்பியோடு சேர்த்து, மேலே ஒரு காங்கிரீட் பட்டை, இவை இருந்தால் அது தன் வேலையை மட்டும் செய்துகொண்டு நிற்கும்.

கடைக்குள் மறைப்பாகக் கட்டும் நாலரை அங்குலச் சுவருக்கு மூன்று வரிசைக்கு ஒருமுறை இரண்டு மெல்லிய கம்பி வைப்பது பழைய வழக்கம். அரசாங்க வேலைகளில் இன்றும் உண்டு. தனியார் வேலையில் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஹாலோபிளாக் சுவர் எடை குறைவு, ஆகவே சாய்வதும் சுலபம். ஆனால் அதன் துளைகளில் இடைவிட்டுக் கம்பி இறக்கிக் காங்கிரீட் நிரப்ப வசதி இருக்கிறது. அதைச் செய்யாமல் வெறும் பிளாக்கை அடுக்குவதுதான் தவறு.

சுவர் உச்சிக்கும் பீமுக்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள். விரல் போனால், அந்தச் சுவரின் தலையை யாரும் பிடிக்கவில்லை என்று பொருள். பீமின் அடியில் சுவருக்கு இரண்டு பக்கமும் சிறு இரும்புக் கோணங்கள் போல்ட் போட்டால் போதும். பில்லரும் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக நேர்க்கோடாக விரிசல் ஓடினாலும், தரையை ஒட்டிப் படுக்கை விரிசல் தெரிந்தாலும், தூக்குக் குண்டு விட்டுப் பார்த்து என்ஜினீயரை அழைப்பது நல்லது. விரிசலைப் பூசி வெள்ளையடித்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர சுவர் நிமிராது. மூட்டை அட்டிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு, இரண்டரை அடி விடும் வழக்கத்தையும் இடப் பஞ்சத்தில் கைவிட வேண்டாம். அட்டி சாய்ந்தால் இந்தச் சுவர் தாங்காது.

மதில் சுவர் விஷயம் எல்லாவற்றையும் விட மோசம். அதற்குத் தலையில் பிடிப்பு கிடையாது, பக்கத்திலும் பெரும்பாலும் கிடையாது. செங்கல் கட்டுக்கான ஐ.எஸ். 1905 விதி தனித்து நிற்கும் சுவருக்கு ஒரு கணக்குத் தருகிறது. சுமார் 110 கிலோமீட்டர் காற்றின் அழுத்தத்துக்கு, உயரம் தடிப்பைப் போல் 7 மடங்கு வரை போகலாம். 135 கிலோமீட்டருக்கு 5 மடங்கு. 160 கிலோமீட்டரை நெருங்கினால் 4 மடங்குதான். ஒன்பது அங்குலச் சுவருக்கு இது முறையே ஐந்தேகால் அடி, மூன்றே முக்கால் அடி, மூன்று அடி. நம் மதில்கள் என்ன உயரம் என்று அவரவரே அளந்து பார்க்கலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் இடைவிட்டுக் கட்டுத் தூணும் அதற்கு ஏற்ற அடிமானமும் கட்டாயம்.

2014 ஜூலை 6 அன்று திருவள்ளூர் மாவட்டம் உப்பரபாளையத்தில் ஒரு குடோனின் 20 அடி உயர மதில் இரவு மழையில் பக்கத்துக் குடிசைகள் மேல் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மதில் விழுந்து 17 பேர். இவை மழையில் விழுந்தவை, காற்றில் அல்ல. ஆனால் பக்கவாட்டுத் தள்ளுக்குப் பிடிப்பில்லாத உயரமான சுவர் என்பதில் என் பின்சுவருக்கும் அவற்றுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு கொட்டகை அன்று காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

இன்ஷூரன்ஸ் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தீ விபத்துப் பாலிசியில் புயல், வெள்ளச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள். கட்டிடத்துக்கும் சரக்குக்கும் தனித்தனியாகத் தொகை காட்டியிருக்க வேண்டும். நம் சுவர் அடுத்தவர் மேல் விழுந்தால் அந்தப் பொறுப்பு இந்தப் பாலிசியில் வராது. அதற்குத் தனிப் பாலிசி. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு வந்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. அதற்குப் பாலிசி எதுவும் இல்லை.

அந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்கு வேறு இடத்தில் ஓட்டு வீடு ஒன்று போட்டுக் கொடுத்தோம். பழைய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். புதுச் சுவர் கெட்டியாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் அங்கே யாரையும் குடியிருக்க விட எனக்கு மனம் வரவில்லை.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கக் கட்டிடத்தின் மாடியில் உள்ள பெரிய பெயர்ப் பலகை நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. சென்ற மாதம் போனபோது போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் பார்த்தேன். கீழேதான் மாதாந்திரக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்துகிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.